குகை அல்ல, குடைவரை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாமக்கல் நரசிம்மர் கோயில், அரங்கநாதர் கோயில் பற்றி நாளிதழ்களில் எழுதும்போது ஒரு நாள் 'குகைக்கோயில்' என்கிறார்கள், மறுநாள் 'குடைவரை' என்கிறார்கள், திருவிழா வந்தால் 'பல்லவர் கால மலைக்கோயில்' என்கிறார்கள். சொல்லில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இந்தக் குழப்பம் சொல்லோடு நிற்பதில்லை, திருப்பணி வரை போகிறது. கட்டிய கோயிலுக்குச் செய்வதையெல்லாம் வெட்டிய கோயிலுக்கும் செய்யலாம் என்ற நினைப்பு இதிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் சற்று நீட்டி எழுதுகிறோம்.

முதலில் குகை. கொங்கு நாட்டில் நல்ல குகைகள் உண்டு. கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார்மலை, அரச்சலூர் நாகமலை, பழனிக்கு மேற்கே ஐவர்மலை. இவை மூன்றும் இயற்கையாக அமைந்த பாறைப் பொந்துகள். மனிதர் அங்கே செய்தது கொஞ்சம்தான். படுக்கை போலத் தளத்தைச் சமன் செய்தார்கள், எழுத்து வெட்டினார்கள், பிற்காலத்தில் சில இடங்களில் தீர்த்தங்கரர் உருவங்களைப் புடைப்பாகச் செதுக்கினார்கள். புகளூர் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோனின் மகன் இளங்கடுங்கோ இளங்கோ ஆனபோது சமணத் துறவி செங்காயபனுக்காக 'அறுத்த கல்' என்று சொல்கிறது. குகை செய்தேன் என்று சொல்லவில்லை, கல்லை அறுத்தேன் என்கிறது. எவ்வளவு கணக்கான பேச்சு! அரச்சலூரில் 'எழுத்துப் புணருத்தான் மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்' என்று பெயரைப் போட்டு, தாள எழுத்துகளைக் கட்டம் கட்டி வெட்டியிருக்கிறான் ஒருவன். ஐவர்மலையில் வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டு, சக ஆண்டு 792, அதாவது கி.பி. 870இல் பார்சுவ பட்டாரர் என்ற தீர்த்தங்கரரின் உருவத்தையும் இயக்கியர் எனப்படும் சமணப் பெண் தெய்வங்களின் உருவங்களையும் புதுக்கிய செய்தி இருக்கிறது. திருப்பணி என்பது நேற்று வந்த பழக்கம் அல்ல.

இந்தக் குகைகளின் நெற்றியில் 'காடி' என்று ஒன்று வெட்டியிருப்பார்கள். மழைநீர் பாறை முகத்தில் வழியும்போது நேராகக் கீழே விழாது. பாறையை ஒட்டிக்கொண்டே வளைந்து, விதானத்தின் அடிப்பக்கமாக உள்ளே நுழையும். வாய்க்கு மேலே குறுக்காக ஒரு பள்ளம் வெட்டிவிட்டால், பள்ளத்தின் விளிம்பை எட்டியதும் நீர் ஒட்டிக்கொள்ள இடமில்லாமல் சொட்டிவிடும். இரண்டு விரல் ஆழம் போதும். இன்று கான்கிரீட் சன்ஷேடின் அடியில் கொத்தனார் விடும் சின்னப் பள்ளமும் அதே வேலையைத்தான் செய்கிறது. காடியை இங்கேயே சொல்லி வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. குடைவரைக் கோயிலைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி தண்ணீர், அதற்கு அன்றே வழி செய்து வைத்திருந்தார்கள்.

இனிக் குடைவரை. இது முழுக்க முழுக்க உளியின் வேலை. பாறை முகத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் தூண், உத்திரம், மண்டபம், கருவறை, மூலவர் வரை எல்லாவற்றையும் மிச்சம் விட்டு மற்றதை எடுத்துவிடுவது. விழுப்புரம் பக்கம் மண்டகப்பட்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டிய வடமொழிக் கல்வெட்டு இதைப் பெருமையோடு சொல்கிறது: செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணச்சாந்து இல்லாமல் அயன், அரன், அரி மூவருக்கும் ஆக்கிய கோயில் என்று. பாண்டிய நாட்டில் மலையடிக்குறிச்சி, பிள்ளையார்பட்டி முதலியவை தனி மரபு. நாமக்கல் இரண்டிலும் சேராது, அதியமான் வழியினரான அதியர் வெட்டியது.

பல்லவர் என்று எழுதுவோருக்கு ஒரு வார்த்தை. அரங்கநாதர் குடைவரைக் கல்வெட்டின் எழுத்து பல்லவ கிரந்தம், மொழி வடமொழி. அந்த எழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் பல்லவர் என்கிறார்கள். கல்வெட்டு தானே சொல்கிறது: அதிய குலத்துக் குணசீலன் செய்வித்தது, பெயர் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்'. காலம் 8ஆம் நூற்றாண்டு. அக்காலத்தில் வடமொழி எழுதத் தமிழகத்தில் எல்லோரும் கிரந்தத்தைத்தான் கையாண்டார்கள். எழுத்தைக் கொண்டு அரசனைத் தீர்மானிப்பது, லாரியின் கம்பெனிப் பெயரைப் பார்த்து ஓனர் யாரென்று சொல்வதற்குச் சமம்.

அந்த நூற்றாண்டில்தான் பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகன் காவிரியின் வடகரையில் அயிரூரிலும் புகழியூரிலும் அதியனை முறியடித்ததாகவும், கொங்கர் கோனைப் பிடித்ததாகவும், காஞ்சிவாய்ப் பேரூரில் திருமாலுக்குக் குன்று போன்ற கோயில் எடுத்ததாகவும் சீவரமங்கலச் செப்பேடு பேசுகிறது. அந்தப் பேரூர் நம் கோவைப் பேரூர்தான். அவன் குன்று போலக் கட்டினான், அதியன் குன்றையே கோயிலாக்கினான். நிற்பது குன்றுதான்.

வெட்டும் முறைக்கு வருவோம். மாமல்லபுரத்தில் அரைகுறையாக நிற்கும் குடைவரைகளை ஒரு தடவை நின்று பார்த்தால் பாதி புரிந்துவிடும். முடிந்த கோயிலில் உளியின் வழி மறைந்துவிடுகிறது, முடியாததில்தான் அது தெரியும்.

பாறைத் தேர்வு முதல் வேலை. தட்டிப் பார்த்துச் சொல்வார்கள். மணி போல ஒலித்தால் ஆண் கல், தாழ்ந்த ஓசை இனிமையாக வந்தால் பெண் கல், ஒலியே இல்லாமல் பொத்தென்றால் அலிக் கல். சாத்திரப் பேச்சு என்று ஒதுக்கிவிடக் கூடாது. உள்ளே விரிசலோ புரையோ இருந்தால் ஓசை செத்துப்போகும். இன்று கான்கிரீட் தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிற என்ஜினியரும் அதைத்தான் செய்கிறார். நம் கொங்குப் பாறைகளில் இன்னொரு தொல்லை, வெங்கச்சங்கல் ரேகை. கருங்கல்லின் நடுவே வெள்ளையாக ஓடும். சுற்றியுள்ள கல்லைவிடக் கடினம், உளி முனை அதில் பட்டால் மழுங்கும், இல்லாவிட்டால் தெறிக்கும். ரேகையின் ஓரமாகக் கல் பிளக்கவும் செய்யும். சாமியின் முகம் வர வேண்டிய இடத்தில் ரேகை ஓடினால் கட்டுக்கோயில் சிற்பி வேறு கல் எடுத்துக்கொள்வான். குடைவரைக்காரனுக்கு வேறு கல் கிடையாது. திட்டத்தையே நகர்த்த வேண்டும்.

பாறை முகத்தைச் செங்குத்தாகச் செதுக்கித் தளமாக்கி, காவிக் கோடு போட்டுக் கட்டம் கட்டமாகப் பிரிப்பார்கள். கோட்டின் மேல் உளியால் ஆழமாகப் பள்ளம் இறக்குவார்கள். நான்கு பக்கமும் பள்ளம் இறங்கியதும் நடுவில் நிற்கும் கட்டி தனித்து நிற்கும். அதைப் பக்கவாட்டில் அடித்துப் பெயர்ப்பார்கள். இப்படி ஒரு அடுக்கு முடிந்ததும், பின்னால் அடுத்த அடுக்கு. மொத்தமாகத் தோண்டிக்கொண்டே போவதைவிட இதில் உளி மிச்சம், அதைவிட முக்கியம், அடி எங்கே போய் நிற்கும் என்பது முன்பே தெரியும். பள்ளத்தைத் தாண்டி விரிசல் ஓடாது.

வேலை மேலிருந்து கீழ், முன்னிருந்து பின். விதானம் முதலில் முடியும், தளம் கடைசியில். எடுக்காமல் விட்ட பாறையே சாரம், கல்தச்சன் அதன் மேல் நின்றுகொண்டு கூரையைச் செதுக்குவான். கீழே இறங்க இறங்கச் சாரமும் கரைந்துபோகும். மேலே செதுக்கி முடித்த கபோதத்தில், அதாவது வளைந்த கூரை விளிம்பில், கீழ்வேலையின் சில்லு தெறிக்காது. முகப்புத் தூண்கள் பருமனாக முதலிலேயே விடப்படும், அவற்றின் இடையில் புகுந்துதான் உள்வேலை. பிறகு தூணின் அடியும் தலையும் சதுரமாக நிற்க, நடுவில் மட்டும் மூலைகளைச் சீவி எட்டுப் பட்டையாக்குவார்கள். மேலே, தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையே, பொதிகை, பொதிகையில் அலை அலையாகத் தரங்கம், அதன் நடுவே ஓடும் பட்டை. பொதிகைக்கு மேல் உத்திரம், அதன் மேல் வாஜனம் என்ற பட்டி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உத்திரம் எதையும் தாங்கவில்லை. மரக் கோயிலிலும், கல் அடுக்கிக் கட்டிய கற்றளியிலும் உத்திரம் பாரம் சுமக்கும், குடைவரையில் அது உருவம் மட்டுமே. மேலே உள்ள மலையும் உத்திரமும் தூணும் ஒரே கல். மும்பை அருகே எலிபெண்டா குடைவரையில் தூண்கள் பல உடைந்தபோதும் விதானம் நின்றது இதனால்தான். ஆனால் இதை வைத்து, தூண் இருந்தால் என்ன போனால் என்ன என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பாறையில் மறைந்திருக்கும் பிளவு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

எடுத்த கல் எவ்வளவு? 20 அடி அகலம், 13 அடி ஆழம், 8 அடி உயரமுள்ள ஒரு சின்னக் குடைவரையைக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 2,080 கன அடி. கருங்கல் கன அடிக்குச் சுமார் 75 கிலோ. தூண்களைக் கழித்தாலும் 150 டன்னுக்கு அருகில் வரும். 10 டன் லாரியில் 15 நடை. அத்தனையும் சில்லாகவும் கட்டியாகவும் கூடையில் சுமந்து வெளியே கொட்டியது. உளி முனை மழுங்க மழுங்க உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்ச்சல் ஏற்றிக் கொடுக்கக் கொல்லன் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். தோய்ச்சல் கூடினால் முனை ஒடியும், குறைந்தால் வளையும். கல்தச்சனைப் பாராட்டுகிறவர்கள் கொல்லனை மறந்துவிடுகிறார்கள்.

கர்நாடகத்து வாதாபியின் (இன்றைய பாதாமி) மென்மையான மணற்கல்லோடு ஒப்பிட்டால் கஷ்டம் விளங்கும். அங்கே மூன்றாம் குடைவரை சக ஆண்டு 500இல், கி.பி. 578இல் முடிந்தது. அதில் பாம்பின் மேல் அமர்ந்த திருமால், வராகம், நரசிம்மம், திரிவிக்கிரமம், அரியும் அரனும் ஓருடலான சங்கரநாராயணன் எல்லாம் பெரிய பெரிய பலகைகளாக நிற்கின்றன. நாமக்கல்லின் இரண்டு குடைவரைகளையும் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ இதே வரிசை. மாமல்லபுரத்தோடு மட்டுமே நாமக்கல்லை ஒப்பிட்டுக்கொண்டிருப்பது எங்களுக்கு ஒப்பவில்லை. சுவர்களில் எந்தெந்த வடிவம் வர வேண்டும் என்ற திட்டத்துக்கு வாதாபியைப் பார்க்க வேண்டும். தொழில் மட்டும் தெற்கத்தியது, கல்லும் இந்த மண்ணின் முரட்டுக் கல்.

மலையின் மேற்கே நரசிம்மர், கிழக்கே அரங்கநாதர். நரசிம்மர் குடைவரையில் பின்சுவரில் சிங்கப்பிரான் சிங்காதனத்தில் வீற்றிருக்கிறார். இருபுறமும் சனகர், சனந்தனர் தொழுது நிற்க, சூரிய சந்திரர் சாமரம் வீச, அயனும் அரனும் உடன் இருக்கிறார்கள். மூவரும் ஒரே சுவரில். அந்தச் சிற்பம் எங்கிருந்தும் கொண்டுவந்து வைத்ததல்ல, பின்சுவரே அதுவாக இருக்கிறது. மண்டபப் பக்கச் சுவர்களில் இரணியனைப் பிளக்கும் நரசிம்மம், அரவணை மேல் அமர்ந்த வைகுந்தநாதர், பூமிப்பிராட்டியை ஏந்திய வராகம், காலைத் தூக்கிய திரிவிக்கிரமன். ஒரே கோயிலில் நரசிம்மர் இரண்டு விதம். பின்சுவரில் இருப்பவர் கோபம் ஆறி வீற்றிருக்கிறார், பக்கச்சுவரில் இருப்பவருக்கு இன்னும் வேலை முடியவில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் தோள்களின் சாய்வில் அந்த வித்தியாசம் தெரியும்.

அரங்கநாதர் குடைவரையின் சிக்கல் வேறு. கிடக்கும் திருமேனிக்கு அறை அகலமாக வேண்டும், ஆழம் அவ்வளவு தேவையில்லை. நிற்கும் சாமிக்கு வெட்டுகிற சதுர அறை இங்கே உதவாது. படுத்த உருவத்தின் மேலே, காலருகே, தலையருகே தேவர்கள், ஆயுதங்களின் மனித உருவங்கள், மது கைடபர் என்று ஒரு கூட்டமே வர வேண்டும். அவ்வளவுக்கும் பாறையை முன்கூட்டியே மிச்சம் விட வேண்டும். மார்பின் உயரம் எவ்வளவு முன்னால் வரும், அதற்கு மேலே பின்சுவர் உருவங்கள் எவ்வளவு உள்வாங்கும் என்பது முதல் கட்டம் பெயர்க்கும்போதே மனதில் இருந்தாக வேண்டும். ஒரு விரல் அதிகமாக எடுத்துவிட்டால் ஒட்டுவதற்கு வழி இல்லை. அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சுற்றியுள்ள உருவங்களை இன்னார் இன்னார் என்று சொல்வது நமக்குப் பெரிய உதவி. சிற்பத்தை வெட்டியவர்களே பட்டியல் கொடுத்த இடங்கள் தமிழகத்தில் அதிகம் இல்லை. பாம்பை ஆதிசேடன் என்று மற்ற ஊரில் சொல்வார்கள், இங்கே கார்க்கோடகன் என்பது ஊர் வழக்கு.

இவ்வளவும் சொன்னது எதற்கென்றால், குடைவரையில் எதையும் கழற்றி மாட்ட முடியாது. கட்டிய கோயிலில் ஒரு தூண் விரிந்தால் முட்டுக் கொடுத்துக் கழற்றி வேறு தூண் நிறுத்தலாம். கல் வரிசைக்கு எண் போட்டுப் பிரித்து மறுபடி அடுக்கலாம். திருப்பணிக்காரர்களின் கை அந்தப் பழக்கத்தில் ஊறியது. அதே கை குடைவரைக்குள் வரும்போதுதான் கெடுகிறது. எந்தக் கோயில், யார் செய்தது என்று இங்கே எழுதவில்லை. தமிழகம் முழுக்க நடப்பது.

அட்டபந்தனத்தையே எடுத்துக்கொள்வோம். கொம்பரக்கு, சுக்கான்கல் தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் சேர்த்து இடித்து இளக்கிய மருந்து, பீடத்துக்கும் திருமேனிக்கும் இடையிலுள்ள மூட்டை அடைப்பதற்கு. குடைவரை மூலவருக்கு மூட்டே கிடையாது. பீடமும் திருமேனியும் பின்சுவரும் ஒன்று. சடங்குக்காக ஒரு பொட்டு வைத்தால் தவறில்லை. ஆனால் காலடியைச் சுற்றிப் பட்டையாக அப்பிவிட்டால், விரல்கள் மறையும், ஓரத்தில் எண்ணெயும் பாலும் தேங்கும், கல் எப்போதும் ஈரமாக இருக்கும்.

அடுத்தது மணல் வீச்சு. கோயில்களில் இது தடை செய்யப்பட்டது, ஆனாலும் கல் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை விடவில்லை. லாரி சேஸிஸில் துரு எடுக்க மணல் அடிப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் எல்லோரும் பார்த்திருப்பார்கள். சேஸிஸுக்கு அது சரி. கல்லின் மேல் தோல் பல நூற்றாண்டு வெயிலிலும் மழையிலும் இறுகியது. மணல் அதைக் கொத்திக்கொண்டு போகும். முதலில் உளித்தடம் போகும், பிறகு கல்வெட்டின் மெல்லிய கோடுகள், பிறகு ஆபரணத்தின் முத்து வரிசை. அதன் பிறகு கல் சொரசொரப்பாகி முன்னைவிட வேகமாக அழுக்கையும் பாசியையும் பிடிக்கும். ஆக, இரண்டாவது தடவையும் அடிக்கச் சொல்லும்.

பெயின்ட்டுக்கும் இதே கதை. பழைய குடைவரைகள் சிலவற்றில் மெல்லிய சுண்ணச்சுதை பூசி அதன் மேல் வண்ணம் தீட்டியிருந்தார்கள். மாமண்டூரில் தடயம் இருக்கிறது, சித்தன்னவாசல் எல்லோருக்கும் தெரியும். அதைச் சொல்லி இன்றைய எனாமலை நியாயப்படுத்துகிறார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும், பாறைக்குள்ளிருந்து கசியும் ஈரம் அதன் வழியே வெளியேறும். எனாமல் பிளாஸ்டிக் தோல் போல மூடிவிடும். ஈரம் அதன் பின்னால் தங்கி, உப்பு பூத்து, பெயின்ட் உரியும்போது கல்லின் மேல்தோலையும் கூட்டிக்கொண்டு வரும்.

சிமென்ட் தனி. பெரும்பாலான குடைவரைகளின் முன்னால் பிற்காலத்தில் மண்டபம் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த மண்டபக் கூரை பாறையைத் தொடும் கோடுதான் ஒழுகல் வாய். பழைய காடியும் பல இடங்களில் இந்தக் கூரைக்குள் புதைந்துபோய்விடுகிறது. ஒழுகியதும் சிமென்ட் கலவையை அடைக்கிறோம். பாறை பகலில் சுட்டு இரவில் குளிரும், அந்த அசைவுக்குச் சிமென்ட் வளைந்து கொடுக்காது. இரண்டு கோடையில் மயிரிழை விரிசல் விடும். நீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. சிமென்ட்டிலுள்ள உப்பும் கரைந்து சிற்பச் சுவரில் போய் வெள்ளையாகப் பூக்கும். சுண்ணாம்பைக் குறைந்தது சில வாரம் நீரில் ஊற வைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு சலித்த மணல் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு அரைத்த சாந்து அந்த மூட்டுக்குப் போதும். அது விரிந்தாலும் தன்னைத்தானே ஓரளவு அடைத்துக்கொள்ளும், பழுதானால் கல்லைக் காயப்படுத்தாமல் சுரண்டி எடுக்கலாம். மேலே மலைச் சரிவில் நீரைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டால் பாதிச் சாந்துக்கு வேலையே இருக்காது.

இரும்பைப் பற்றி ஒரு வரி: லைட், ஃபேன், கேமரா, பெயர்ப்பலகை எதற்கும் பாறையில் ட்ரில் போட்டு ஆணி இறக்கக் கூடாது. இரும்பு துருப்பிடித்தால் பெருக்கும், துளை வாயிலிருந்து கல் தெறிக்கும். பிற்கால மண்டபத் தூணில் பட்டி கட்டி மாட்டலாம், தரையில் நிற்கும் ஸ்டாண்டும் ஆகும்.

தரை ஓடு பதிப்பது பலருக்குத் தப்பாகவே தெரிவதில்லை. அரையடி தளம் உயர்ந்தால் தூணின் அடிச்சதுரம் புதைந்துவிடும். அப்புறம் வருகிற ஆள், தூண் குட்டையாக இருக்கிறதே, சிற்பிக்கு அளவு தெரியவில்லையே என்பான். பொதுவாக மேல்சதுரமும் கீழ்ச்சதுரமும் உயரத்தில் நெருங்கி இருக்கும். கீழே மட்டும் கட்டையாகத் தெரிந்தால் தரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று டேப் வைத்து அளந்து சொல்லிவிடலாம். பாறையிலேயே விட்டிருந்த நீர் வாட்டமும் ஓட்டுக்கு அடியில் போய்விடும், அபிஷேகத் தண்ணீர் மூலையில் நிற்கும்.

விளக்கு கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை, கோயில் அது. நெய்விளக்கும் கற்பூரமும் முன்மண்டபத்துக்கு வந்தால் போதும். நல்லெண்ணெய் கல்லில் ஊறிக் காலப்போக்கில் பிசினாகி, கரியும் தூசியும் அதில் ஒட்டி, கறுப்புத் தோலாகும். அதை எடுக்க ஆசிட் ஊற்றுகிறவர்களும் உண்டு. முறை வேறு. பூச்சணமும் பாசியும் என்றால் மிகக் குறைந்த அளவு அம்மோனியா கலந்த நீரும் மென்மையான சோப்பு நீரும், நைலான் பிரஷ், பிறகு நிறைய நல்ல தண்ணீர். எண்ணெய்க் கறைக்குக் காகிதக் கூழோ வெண்களிமண்ணோ கரைப்பானில் குழைத்து அப்பி, உலர விட்டு, தானாக உதிரும்போது எடுப்பது. உப்புக்கு வெறும் தண்ணீரில் குழைத்த காகிதக் கூழே போதும், மூன்று நான்கு முறை மாற்ற வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் கண்ணுக்குத் தெரியாத மூலையில் கையளவு இடத்தில் சோதித்துப் பார்த்த பிறகு, தொல்லியல் துறையின் இரசாயனப் பிரிவு ஆட்கள் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசி விடுகிற வேலை அல்ல இது.

விரிசல் தெரிந்தால் உடனே அடைக்கத்தான் தோன்றும். முதலில் அது ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று பார்க்க வேண்டும். சிற்பம் இல்லாத இடத்தில் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு முனையிலும் சுண்ணச்சாந்தால் ஒட்டித் தேதி எழுதி வைத்தால் போதும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிக் கண்ணாடி முழுசாக இருந்தால் பாறை நகரவில்லை. உடைந்திருந்தால், சாந்து பூசி மறைக்காமல் பாறைப் பொறியாளரை அழைக்க வேண்டும். பக்கத்தில் கல்குவாரி வெடி வைக்கும் ஊர்களில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

கல்வெட்டை வாசிக்க விரும்பும் இளைஞர்கள் எழுத்தின் மேல் சாக்பீஸ், மாவு, மஞ்சள் தேய்த்துப் படம் எடுக்கிறார்கள். தங்கள் வாசிப்பைக் கல்லின் மேல் எழுதுவதுதான் அது. தவறாகப் புரிந்துகொண்ட எழுத்தும் அப்படியே பதிந்துவிடும். வெளிச்சம் குறைந்த நேரத்தில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு கோடும் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். ஒரே இடத்தை இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று மூன்று படம் எடுத்தால் கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மை தடவி எடுக்கும் மைப்படிக்கு அடுத்தபடி அதுதான் நல்ல ஆவணம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், தங்கள் நாளிதழுக்கும் வாசகர்களுக்கும். படம் போடும்போது எந்தக் குடைவரை, எந்தச் சுவர் என்று அடியில் ஒரு வரி சேருங்கள். இந்த ஐப்பசி அடைமழையில் நாமக்கல் போகிறவர்கள், மழை நின்ற அரை மணி நேரத்தில் பாறை முகத்தில் எந்தக் கோட்டில் நீர் இறங்குகிறது, அது எங்கே உள்ளே திரும்புகிறது என்று பார்த்து, தேதியோடு போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். அடுத்த மழைக்கும் அதே இடத்தில் நின்று எடுங்கள். காடி எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது என்பதை அந்த இரண்டு படங்களே காட்டிக்கொடுக்கும்.

இப்படிக்கு,
சிற்பமும் கல்வெட்டும் பயிலும் வாசகர்கள் சிலர்,
நாமக்கல்.